ஏசாயா பாடிய அரசன் யார்?

ஏசாயா நூலின் 9-ஆம் அதிகாரத்தில், ஒரு பிள்ளை பிறந்ததையும் ஆட்சி அவன் தோளில் அமர்ந்ததையும் சொல்லும் ஆறாம் வசனம் டிசம்பர் மாதம் முழுக்கத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் ஒலிக்கும். வாழ்த்து அட்டையிலும் இருக்கும், ஆலயத்தில் தொங்கும் துணியிலும் இருக்கும். 1742-இல் டப்ளினில் அரங்கேறிய ஹேண்டலின் 'மெசையா'வில் அதற்கென்றே ஒரு கூட்டுப்பாடல் உண்டு. இவ்வளவு புகழ்பெற்ற வசனத்தைப் புதிய ஏற்பாட்டை எழுதியவர்களில் ஒருவர்கூட நேரடியாக எடுத்தாளவில்லை. மத்தேயு தன் 4-ஆம் அதிகாரத்தில் இதே பகுதியின் முதல் இரண்டு வசனங்களை எடுக்கிறார். இருண்டு கிடந்த கலிலேயாவுக்கு வெளிச்சம் வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். லூக்காவின் முதல் அதிகாரத்தில், தாவீதின் சிங்காசனம் பற்றிய ஏழாம் வசனத்தின் சாயல் தெரிகிறது. பிள்ளையைச் சொல்லும் வசனம் மட்டும் எடுப்பாரின்றிக் கிடக்கிறது. இது இயேசுவைப் பற்றியதே என்பது முதல் தலைமுறைக்கு அவ்வளவு வெளிப்படையாக இருந்ததென்றால், இந்த மௌனம் விளங்கவில்லை. மௌனத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் விசாரணை தேவை என்பதற்கு அது போதும்.

ஏழாம் அதிகாரத்து இம்மானுவேலைப் பற்றிய சண்டை இதைவிடப் பெரியது, சத்தமும் அதிகம். அதை இங்கே இழுக்கப்போவதில்லை. புதிய அரசன் ஒருவனுக்கான எதிர்பார்ப்பு எபிரெயத் தீர்க்கதரிசனத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க 9-ஆம் அதிகாரமே நல்ல இடம்.

பாடலின் தொடக்கம் ஊர்ப்பெயர்களால் ஆனது: செபுலோன், நப்தலி, கடற்கரை வழி, யோர்தானுக்கு அக்கரை, கலிலேயா. கி.மு. 734 முதல் 732 வரை அசீரியப் பேரரசன் மூன்றாம் திகிலாத்பிலேசர் நடத்திய படையெடுப்பில் இஸ்ரவேலிடமிருந்து பறிபோனவை இந்தப் பகுதிகள்தான். ஆத்சோர், கேதேஸ், கீலேயாத், கலிலேயா, நப்தலி நாடு முழுவதும் போயிற்று என்றும், மக்கள் சிறைபிடிக்கப்பட்டு அசீரியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள் என்றும் 2 ராஜாக்கள் 15:29 பட்டியல் போடுகிறது. தெற்கே யூதாவில் ஆகாஸ், ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் அசீரியனுக்கு அனுப்பித் தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டான். 732-இல் தமஸ்கு விழுந்தது. பத்தே ஆண்டுகளில் சமாரியாவும் விழுந்தது. பாடலில் வரும் நுகம், தோளை அழுத்தும் தடி, அடிக்கிற கோல் எல்லாம் பொதுவான துன்பத்துக்கான அணிகள் அல்ல. அசீரியப் பேரரசர்கள் தங்கள் கல்வெட்டுகளில் தாங்களே பெருமையோடு சொல்லிக்கொண்ட சொற்கள் அவை. மிதித்து நடக்கும் போர்வீரனின் காலணியும் இரத்தத்தில் புரண்ட உடையும் நெருப்புக்கு இரையாகும் என்று ஒரு வரி வருகிறது. அந்தக் காலணிக்கு ஆளப்பட்ட பெயர் எபிரெயத்தில் வேறெங்கும் புழங்காதது, அசீரியர் மொழியிலிருந்து வந்தது. படையை அருகிலிருந்து பார்த்தவன் வாயிலிருந்துதான் இப்படி ஒரு சொல் விழும்.

பாடல் நினைவூட்டும் பழைய வெற்றியும் வடக்கைச் சேர்ந்தது. மீதியானியரைக் கிதியோன் முறியடித்த நாளைச் சொல்கிறான் கவிஞன். அன்று கிதியோன் அழைத்த கோத்திரங்கள் மனாசே, ஆசேர், செபுலோன், நப்தலி. ஆக, பறிபோன வடநாட்டைப் பார்த்து எருசலேமிலிருந்து ஒருவன் பாடுகிறான்: அந்த நிலமும் தாவீதின் வீட்டுக்கே சேரும் என்கிறான். இதில் அரசியல் இல்லை என்பவர் பாடலைப் படிக்கவில்லை.

சரி, யாரைப் பாடுகிறான்?

முதலில் வினைகளைப் பார்க்க வேண்டும். மக்கள் வெளிச்சத்தைக் கண்டார்கள், நுகம் முறிந்தது, பிள்ளை பிறந்தான், ஆட்சி அவன் தோளில் அமர்ந்தது, பெயர் சூட்டப்பட்டது. எபிரெயத்தில் இவை அத்தனையும் முடிந்த செயலைச் சொல்லும் வடிவங்கள். வருவது உறுதி என்பதால் தீர்க்கதரிசி எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்கிறான் என்பது மரபான பதில். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தெளிவு பற்றிக் காலம் மயங்குவதைக் காலவழுவமைதி என்று நன்னூலார் ஒப்புக்கொண்டிருக்கிறார். இஸ்ரவேல் விழுவதற்கு முன்பே விழுந்துவிட்டதாக ஆமோஸ் புலம்பியதும் உண்டு. எனவே இந்தப் பதிலைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் வழுவமைதி என்று சொல்ல, முதலில் வழு இருக்க வேண்டும். பேச்சு எதிர்காலத்தைப் பற்றியது என்று வேறு ஆதாரத்தால் நிறுவிய பிறகுதான் இந்தக் கருவியைக் கையில் எடுக்கலாம். நிறுவ வேண்டியதையே கருவியாக்கினால் அது சுற்றி வந்து தன் வாலைத் தானே பிடிக்கும் வாதம்.

இதைவிட முக்கியமானது, பாடலின் எல்லா வினைகளும் ஒரே மாதிரி இல்லை என்பது. காலணியும் உடையும் எரியப்போவது எதிர்காலத்தில். கடைசி வரியில் கர்த்தருடைய வைராக்கியம் இதைச் செய்யும் என்பதும் எதிர்காலம். அதாவது, அரசன் வந்தாயிற்று. அமைதி இனிமேல்தான் வர வேண்டும். எல்லாமே வருங்காலக் கனவாக இருந்தால் கவிஞனுக்கு இந்த வேறுபாடு தேவைப்பட்டிருக்காது. ஒரு மனிதன் சிங்காசனத்தில் ஏறி, அவன் ஆட்சி இன்னும் எதையும் சாதித்திராத நாளில்தான் இப்படிப் பேசத் தோன்றும். அந்த நாளுக்குப் பெயர் முடிசூட்டு நாள்.

ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் ஆல்ட் 1950-இல் வெளியிட்ட கட்டுரையில் இதையே வேறு வழியில் வாதிட்டார். பிறப்பு என்பது இங்கே பட்டமேற்பு. இரண்டாம் சங்கீதத்தில் அரசன் பட்டமேற்கும் நாளில்தான் கடவுள் அவனைத் தன் மகனாகப் பெற்றெடுக்கிறார் என்பதைச் சான்றாகக் காட்டினார். அடுக்கி வரும் பெயர்களுக்கு எகிப்திய வழக்கத்தைச் சுட்டினார். அங்கே பாரோ பட்டமேற்கும்போது ஐந்து பெயர்கள் சூட்டிக்கொள்வான். யூதாவிலும் அரசேறும்போது பெயர் மாறியதற்குச் சான்று உண்டு: எலியாக்கீம் யோயாக்கீம் ஆனான், மத்தனியா சிதேக்கியா ஆனான்.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. சங்கீதத்தில் பேசுவது கடவுள், மகனாக்கிக்கொள்பவரும் அவரே. ஏசாயாவில் பேசுவது மக்கள். பிள்ளை 'நமக்கு'ப் பிறக்கிறான். பட்டமேற்பைப் பார்த்துக் குடிமக்கள் இப்படிச் சொன்னதற்கு வேறு சான்று இல்லை. பிள்ளை என்ற சொல் மட்டும் பெரிய தடை அல்ல. ரெகொபெயாமோடு கூட வளர்ந்த ஆட்களையும் எபிரெயம் அதே சொல்லால்தான் அழைக்கிறது, அவன் பட்டமேற்றபோது வயது 41. பிறந்தான் என்ற வினைதான் தடை. அரண்மனையில் உண்மையாகவே ஒரு குழந்தை பிறந்தபோது பாடியதாக இருக்கலாமே என்றால், ஆட்சி ஏற்கெனவே தோளில் ஏறிவிட்டது என்ற அடுத்த வரி இடிக்கிறது. இரண்டு இடிகளில் எது சிறியது? அரசவை மொழி பட்டமேற்பைப் பிறப்பாகப் பேசும் என்பதற்கு ஒரு சங்கீதமாவது துணைக்கு நிற்கிறது. தொட்டில் குழந்தை ஆட்சி செய்ததாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆல்ட் பக்கமே தராசு சாய்கிறது, நூலிழை அளவில் அல்ல.

பெயர்களின் எண்ணிக்கையில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. எபிரெயத்தில் இரண்டிரண்டு சொல்லாக நான்கு பெயர்கள். தமிழ் வேதாகமம் முதல் இணையைப் பிரித்து ஐந்தாக்கிவிட்டது. ஆல்டுக்கும் ஐந்து தேவைப்பட்டது, எகிப்தோடு கணக்கு ஒத்துவர வேண்டுமே! அடுத்த வசனத்தின் முதல் சொல்லில் ஒரு பழைய புதிர் இருக்கிறது: சொல்லின் கடைசியில் மட்டுமே வர வேண்டிய மூடிய 'மேம்' என்ற எழுத்து அங்கே சொல்லின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. தொலைந்துபோன ஐந்தாம் பெயரின் மிச்சம் அது என்றார் ஆல்ட். யூத மரபு நூலான தால்முத் சொல்லும் காரணம் வேறு, அதுவே எனக்குப் பிடித்தது. கடவுள் ஆகாஸின் மகன் எசேக்கியாவை மேசியாவாகவும், அவன் காலத்து அசீரிய அரசன் சனகெரிபை உலக முடிவின் எதிரியாகவும் ஆக்க நினைத்தாராம். இத்தனை பாட்டுப் பாடிய தாவீதை ஆக்கவில்லை, இத்தனை அற்புதம் கண்டும் ஒரு பாட்டுப் பாடாத இவனை ஆக்குவதா என்று நீதி குறுக்கே வந்ததாம். அதனால் அந்த எழுத்து மூடிக்கொண்டதாம். சான்று என்ற முறையில் இரண்டு விளக்கமும் செல்லாது. எழுத்துப் பிழை எழுத்துப் பிழைதான். ஆனால் மேசியா என்ற பேச்சு வந்ததுமே ரபீக்களின் நினைவு எசேக்கியாவிடம் போயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

ஐந்து பெயர் இல்லாவிட்டாலும் எகிப்தியச் சாயல் நிற்கும். எருசலேமில் ஆலய மேட்டின் தெற்கே ஏலாத் மசார் நடத்திய அகழாய்வில் கிடைத்து, 2015-இல் அறிவிக்கப்பட்ட ஒரு களிமண் முத்திரை இருக்கிறது. பதிவின் அகலம் ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பின்புறத்தில் பாப்பிரஸ் சுருளைக் கட்டிய மெல்லிய கயிற்றின் தடம். முன்புறத்தில் பழைய எபிரெய எழுத்தில், யூதாவின் அரசன் ஆகாஸின் மகன் எசேக்கியாவுக்கு உரியது என்ற வாசகம். நடுவில் இறக்கை தாழ்த்திய சூரியன், பக்கத்தில் எகிப்தியரின் உயிர்க்குறியான அங்க். விக்கிரகங்களை உடைத்தவன் என்று வேதம் புகழும் அரசனின் சொந்த முத்திரை இது. அவன் அவையில் எகிப்தியப் பாணி புழங்கியது என்பதற்கு இதைவிட நெருங்கிய சாட்சி கிடைக்காது.

'வல்லமையுள்ள தேவன்' என்று எந்த மனிதனை அழைப்பது? மரபு வாசிப்பின் பலமான கேள்வி இது. அதே பட்டம் அடுத்த அதிகாரத்தில் கடவுளுக்கே சூட்டப்படுவதால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அதை நழுவவிடப் பலர் முயன்றிருக்கிறார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த் பட்டங்களை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பெரிய ஆலோசனையின் தூதன் ஆக்கிற்று. இடைக்கால யூத உரையாசிரியர் ராஷியோ முதல் மூன்றையும் பெயர் சூட்டுகிற கடவுளுக்குக் கொடுத்து, சமாதானப்பிரபு என்பதை மட்டும் எசேக்கியாவுக்கு ஒதுக்கினார். இரண்டுமே சங்கடத்தின் அடையாளம். நேரான பதில் இருக்கிறது. எபிரெயப் பெயர்கள் பெரும்பாலும் சிறு வாக்கியங்கள். அவை கடவுளைப் பற்றிச் சொல்லும், சுமப்பவனைப் பற்றி அல்ல. எசேக்கியா என்பதே கர்த்தர் பலப்படுத்துகிறார் என்ற பொருளுடையது. ஏசாயா தன் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களும் முழு வாக்கியங்கள். போதாக்குறைக்கு, 45-ஆம் சங்கீதம் திருமணக் கோலத்தில் நிற்கும் ஓர் அரசனையே தேவன் என்று விளிக்கிறது. திருமகளையும் பெருநிலச் செல்வியையும் மன்னனின் உரிமையாக்கிப் பாடும் சோழர் மெய்க்கீர்த்தியைப் படித்துப் பழகிய நமக்கு இதில் அதிர்ச்சி இருக்கக் கூடாது. அரசனின் புகழ்மாலை அவன் பிறப்புச் சான்றிதழ் அல்ல. ஆகவே பட்டங்களை வைத்து இவன் மனிதனாக இருக்க முடியாது என்று நிறுவ இயலாது.

முடிசூடியவன் எசேக்கியாதானா? இங்கேதான் ஆல்ட் பக்கத்தவர்களுக்கும் வியர்க்கும். பல கையேடுகள் அவன் ஆட்சித் தொடக்கத்தை 715 என்று அச்சிடுகின்றன. 715-இல் எந்த நுகமும் முறியவில்லை. சமாரியா போய் ஆறேழு ஆண்டு, அசீரியாவில் இரண்டாம் சர்கோன் உச்சத்தில். அந்த ஆண்டில் இந்தப் பாடலைப் பாடியவனைத் தீர்க்கதரிசி என்பதைவிட முகஸ்துதிக்காரன் என்பதே பொருந்தும். ஆனால் 715 என்ற கணக்கு, சனகெரிப் படையெடுத்த 701-ஐ எசேக்கியாவின் 14-ஆம் ஆண்டு என்று சொல்லும் ஒரே வசனத்தை நம்பி நிற்பது. அதே 2 ராஜாக்கள் 18-ஆம் அதிகாரம், சில வரிகளுக்கு முன்னால், சமாரியா அவனுடைய 6-ஆம் ஆண்டில் விழுந்தது என்கிறது. அப்படியானால் அவன் பட்டமேற்றது 728 அல்லது 727. ஒரே அதிகாரத்துக்குள் இரண்டு கணக்கு. 727-ஐ எடுத்துப் பாருங்கள். கலிலேயாவை வெட்டி எடுத்த திகிலாத்பிலேசர் இறந்தது அந்த ஆண்டில்தான். ஆகாஸ் இறந்த ஆண்டில் சொன்னதாகத் தேதியிட்ட ஒரு வாக்கு ஏசாயா 14-இல் இருக்கிறது. அடித்த கோல் முறிந்ததென்று சந்தோஷப்படாதே என்று அது பெலிஸ்தியாவை எச்சரிக்கிறது. பாடலில் முறிகிற கோலும் இதுவேயானால் கணக்கு அழகாகக் கூடுகிறது: கொடுங்கோலன் இறந்தான், கப்பம் கட்டிய அரசனும் இறந்தான், புதியவன் வந்தான்.

அழகாகக் கூடுகிற கணக்கைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. பெலிஸ்தியாவைச் சந்தோஷப்படாதே என்றவனே யூதாவைச் சந்தோஷப்படச் சொல்வானா? முறிந்த கோல் ஆகாஸாகவே இருக்கலாமே? முதல் கேள்விக்குப் பதில் உண்டு. அந்த வாக்கு சீயோனுக்கு அடைக்கலம் உண்டு என்றுதான் முடிகிறது, பாடலும் நம்பிக்கையை அரசன்மேல் வைக்காமல் கர்த்தரின் வைராக்கியத்தின்மேல் வைக்கிறது. இரண்டாவதுக்கு உறுதியான பதில் இல்லை. எனவே 727 நல்ல ஊகம், அதற்குமேல் இல்லை.

அறிஞர் ஹெர்மன் பார்த் 1977-இல் எசேக்கியாவின் இடத்தில் யூதாவின் பிந்தைய அரசன் யோசியாவை நிறுத்தினார். எட்டு வயதில் பட்டமேற்றவன், அசீரியா சரியும்போது ஆண்டவன். பிள்ளை என்ற சொல் அவனுக்கு எல்லாரைவிடவும் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அவன் பட்டமேற்ற 640-இல் அசீரிய அரசன் அஸூர்பானிபால் முழு வலிமையோடு இருந்தான். எனவே பாடலைச் சில பத்தாண்டு தள்ளி, பின்னோக்கிப் பார்த்து எழுதியதாகக் கொள்ள வேண்டும். அப்போது முடிசூட்டு நாளின் அந்த இரட்டைக் காலம் தன் கூர்மையை இழக்கிறது. நான் எசேக்கியாவையே முன்வைப்பேன். யோசியாவே என்று நாளை நிறுவப்பட்டாலும் என் வாதத்தின் அடித்தளம் அசையாது. இருவரும் ரத்தமும் சதையுமாக எருசலேமில் வாழ்ந்தவர்கள். சிறையிருப்புக்குப் பிந்தைய கனவு இது என்போரை அதிக நேரம் கவனிக்க வேண்டியதில்லை. பாடலில் பாபிலோன் இல்லை, திரும்பி வருதல் இல்லை, இடிந்த ஆலயம் இல்லை. தாவீதின் சிங்காசனம் நின்றுகொண்டிருக்கிறது.

எசேக்கியாவைப் பற்றியதென்றால் பொய்த்துப்போன வாக்கை யூதர்கள் ஏன் பாதுகாத்தார்கள் என்று மரபு வாசிப்பாளர் கடைசியாகக் கேட்பார். பொய்த்தது உண்மைதான். முடிவில்லாத சமாதானம் என்றது பாடல். 701-இல் யூதாவின் 46 அரணான ஊர்களைப் பிடித்ததாகச் சனகெரிபின் கல்வெட்டு சொல்கிறது, லாகீசின் வீழ்ச்சியை அவன் நினிவேயில் கல்லில் செதுக்கி வைத்தான். ஆனால் பொய்த்த வாக்கு தூக்கியெறியப்படும் என்ற அனுமானமே தவறு. 520-இல் தீர்க்கதரிசி ஆகாய், யூதாவின் ஆளுநர் செருபாபேலைப் பெயர் சொல்லி, கடவுளின் முத்திரை மோதிரம் என்றார். செருபாபேல் அரசனாகவில்லை. ஆகாயின் புத்தகம் இன்னும் வேதத்தில் இருக்கிறது. எபிரெயத் தீர்க்கதரிசிகள் வாழும் மனிதர்களை நோக்கியே பேசினார்கள். பாரசீகக் கோரேசுக்குக்கூட அபிஷேகம் பண்ணப்பட்டவன் என்ற பட்டம் கிடைத்தது. மனிதன் போதாமல் போனபோது வாக்கை விடவில்லை, அடுத்தவனுக்காகக் காத்திருந்தார்கள்.

ஏசாயா நூலைத் தொகுத்தவர்களே அதைச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் ஆல்டின் வழி வந்தவர்கள் தாண்டிப் போகும் இடம். 39-ஆம் அதிகாரத்தில் பாபிலோன் தூதர்களுக்குத் தன் பொக்கிஷசாலை முழுவதையும் திறந்து காட்டுகிறான் எசேக்கியா. இவையெல்லாம் பாபிலோனுக்குப் போகும், உன் பிள்ளைகளும் போவார்கள் என்கிறார் ஏசாயா. என் காலத்தில் அமைதி இருந்தால் சரி என்று அவன் திருப்திப்படுகிறான். 9-இல் முடிவற்ற அமைதியைச் சுமக்க வந்தவன், 39-இல் தன் ஆயுள் வரைக்குமான அமைதியோடு ஒதுங்குகிறான். ஒரே சுருளில் இரண்டையும் வைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

ஆகவே என் தீர்ப்பு இரண்டு படிகளில் நிற்கிறது. பாடல் பிறந்தபோது அதன் பொருள் எருசலேமில் அன்று முடிசூடிய ஓர் அரசன். ஏசாயா பெத்லகேமைப் பார்த்துப் பாடினார் என்பதற்குப் பாடலில் ஆதாரம் இல்லை, அப்படிப் போதிப்பது பாடலுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பது. ஆனால் நூல் உருவானபோதே அந்த அரசன் கழற்றப்பட்டுவிட்டான். வாக்கு ஆள் தேடும் நிலையில்தான் அடுத்த தலைமுறைகளுக்குக் கிடைத்தது. கிறிஸ்தவர்கள் அதை இயேசுவுக்குச் சூட்டியது திருட்டல்ல, யூத வாசிப்பே திறந்துவைத்த வழியில் நடந்தது. இயேசுவுக்குப் பொருந்துமா என்பது விசுவாசத்தின் கேள்வி, இலக்கணம் அதற்குப் பதில் தராது. தால்முதில் இதே வழக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. இஸ்ரவேலுக்கு இனி மேசியா இல்லை, எசேக்கியாவின் நாளிலேயே அனுபவித்துவிட்டார்கள் என்றார் ரபீ ஹில்லேல் என்ற ஒருவர் (புகழ்பெற்ற மூத்த ஹில்லேல் அல்ல). கடவுள் இவரை மன்னிக்கட்டும் என்றார் ராவ் யோசேப்பு: எசேக்கியா முதல் ஆலயத்தின் காலத்தவன், இரண்டாம் ஆலயத்தின் நாளில் நின்று, உன் ராஜா வருகிறார் என்று சகரியா சொன்னது பிறகு யாரை? பாடலின் பிறப்பைப் பொறுத்தவரை நான் ஹில்லேல் பக்கம். புத்தகத்தைப் பொறுத்தவரை யோசேப்பு பக்கம்.

கத்தோலிக்கரின் கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலி வாசகமும், பல புராட்டஸ்டன்ட் சபைகள் பின்பற்றும் பொது வாசகப் பட்டியலும் இந்தப் பகுதியை இருளில் நடந்த மக்களிலிருந்துதான் தொடங்குகின்றன. செபுலோனும் நப்தலியும் கலிலேயாவும் நிற்கும் முதல் வசனம் வெட்டப்பட்டிருக்கிறது. அதை வெட்டிய பிறகு இருள் எந்த இருளாகவும் ஆகலாம், பிள்ளை எந்தப் பிள்ளையாகவும் ஆகலாம். இந்தப் பகுதியை முதன்முதலில் இயேசுவுக்குப் பொருத்திய மத்தேயு அந்த வெட்டைப் போடவில்லை. அவர் எடுத்துக்கொண்ட முதல் சொற்களே அந்த ஊர்ப்பெயர்கள்தான்.